அரைப்பேர்

கணக்குப் பாடத்துக்கு எஸ் போட்டு
என்னைக் கரையேற்றியவர் யாரோ,
எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

எனக்கு எல்லாம் கண்ணில் படும்.
கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்
தராசுக் கொக்கியின் வளைவில் மட்டும் ஏறியிருக்கும் துரு,
யாருடைய படங்கில்
யாருடைய பழைய சேலை ஒட்டுப் போட்டிருக்கிறது,
யார் காலில் அட்டை கடித்து
இன்னும் இரத்தம் நிற்கவில்லை,
எல்லாம்.
இலக்கத்தைத் தவிர.

முள் காட்டும் இலக்கம்
கண்ணில் ஏறிக் கைக்கு வருமுன்
நடுவழியில் எங்கோ இறங்கிவிடும்,
டிக்கட் எடுக்காத பயணி மாதிரி.

நாலு மாதம் நின்றேன்.
ஐந்தாவதில், மலை முழுக்க மூடிய ஒரு மழைநாள்,
அழகாயி அக்காவின் பத்தொன்பது கிலோவைப்
பதினாறு என்று எழுதிவிட்டேன்.
எங்கள் தோட்டத்தில்
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கை உதறி மடித்து,
மடித்ததை இன்னொரு தரம் மடித்து
நடந்து போனா.
சம்பளநாளில்தான் எனக்கே தெரிந்தது.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மருந்துக்கடை மாடியில் ஒரு அட்டை தொங்கியது:
எழுத்துப் பிழை பார்க்க ஆள் தேவை.
ஏறிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி,
"கூட்டல் கழித்தல் இருக்குமா சேர்?"
நிஸாம்தீன் சேர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறந்தவர், மணந்தவர், இறந்தவர்
எல்லாரையும் மொழி மாற்றுவார்.
மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
நான் எழுத்தெழுத்தாய் நடப்பேன்.
கால் முறிந்த ஆகாரம்,
புள்ளி தொலைத்த மெய்,
ஒருமுறை 'தாயின் பெயர்' என்ற இடத்தில்
'நாயின் பெயர்'.
அதைப் பிடித்த அன்று
எனக்கு இரண்டு கட்லட் கிடைத்தது.

அடையாள அட்டை இலக்கம் வந்தால்
துஷாரியின் மேசைக்குத் தள்ளிவிடுவேன்.
எழுத்தைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவி,
இலக்கத்தைக் கண்டால் பசி.
எங்கள் உடன்படிக்கை அப்படி.

சிங்களத்தில் ழகரம் இல்லை.
அதற்கு யாரையும் குறை சொல்ல ஏலாது.
ஆனால் பதிவேட்டின் படியில் ஏறும்போது
எங்கள் பேர்களிலிருந்து
ஒரு எழுத்து வழுக்கி விழுகிறது.
விழுந்த சத்தம்
ஐம்பத்தைந்து வயதில்தான் கேட்கும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை
மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றா
அழகாயி அக்கா.
சேமலாப நிதி நின்றுபோய் ஏழு மாதம்.
பையிலிருந்து மூன்று கடதாசி.
பிறப்புச் சான்றிதழில் அழகாயி.
அடையாள அட்டையில் அலகாயி.
நிதிக் காரியாலயத்து ஆங்கிலத்தை
உள்ளபடி வாசித்தால் அலகை.
அழகு அலகாகி
அலகு பேயாகி
கொழுந்து பறித்தது ஒருத்தி,
காசுக்கு வரிசையில் நிற்பது மூன்று பேர்.

'மேற்படி மூவரும் நானே' என்று
சத்தியக் கடதாசி எழுதினார் சேர்.
நான் ஒத்துப் பார்த்தேன்.
குனிந்திருந்த என் உச்சியைப் பார்த்து அவ கேட்டா:
"நீ அந்தக் கொட்டகைப் புள்ளதானே?"

"ஆமாக்கா."

"அன்னைக்கி அரைப்பேரு போட்ட.
இன்னைக்காவது முழுப்பேரா போடு."

கோபமா கேலியா,
முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.
இத்தனைக்கும் எனக்கு
எல்லாம் கண்ணில் படும்.

அ. ழ. கா. யி.
விரல் வைத்துப் பார்த்தேன்.
பிறகு, துஷாரியைக் கூப்பிடாமல்,
எண்ணினேன்.
நாலு.
மறுபடி எண்ணினேன்.

"எவ்வளவு புள்ள காசு?" என்றா.
"தெரியாதுக்கா," என்றேன்,
"அது அந்த மேசை."